கூட்டு வடிவங்களின் பரப்பளவு தவறாக வரும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கு ஏடுகளைத் தொடர்ந்து திருத்துபவர்களுக்கு ஒன்று விரைவில் புலப்படும். கூட்டு வடிவங்களின் பரப்பளவில் மாணவர்கள் செய்யும் தவறுகள் பலவாகத் தோன்றினாலும் அவை சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு வகையும் விடையில் தனக்கே உரிய தடத்தை விட்டுச் செல்கிறது. ஆகவே, கணக்கை முதலிலிருந்து மறுபடி போடச் சொல்வதற்கு முன், தவறான விடைக்கும் சரியான விடைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டு, அந்த எண் படத்தின் எந்தத் துண்டுக்குச் சமமாக இருக்கிறது என்று தேடுவது நல்லது. பெரும்பாலும் அந்தத் துண்டிலேயே பிழை இருக்கும். கீழே உள்ளவை அந்தத் தேடலுக்கான வழிகள். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிதில் சரிசெய்யக் கூடிய காரணம் முன்னும், அதிக நேரமும் உழைப்பும் கேட்கும் காரணம் பின்னும் வருகின்றன.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

சரியான விடை கையில் இல்லாத இடங்களிலும், குறிப்பாகத் தேர்வு அறையில், ஒரு சோதனையைச் செய்ய முடியும். வடிவம் முழுவதையும் தன்னுள் அடக்கும் மிகச் சிறிய செவ்வகத்தைப் படத்தின் மீது பென்சிலால் வரைந்து அதன் பரப்பளவைக் கணக்கிட வேண்டும். பின்னர் வடிவத்துக்குள் அடங்கும் பெரிய செவ்வகம் ஒன்றின் பரப்பளவையும் கணக்கிட வேண்டும். விடை இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தே ஆக வேண்டும். இடையில் இல்லையென்றால் வேறெதையும் பார்க்கத் தேவையில்லை, கணக்கில் பிழை உறுதி. இடையில் இருந்தால் விடை சரி என்று அதற்குப் பொருள் ஆகாது. ஆனால் பெரும்பிழைகள் இந்த வலையில் அகப்பட்டுவிடும்.

## அறிகுறி: வளைவுப் பகுதி உள்ள வடிவத்தில் விடை வெகுவாக விலகுகிறது

14 செ.மீ நீளமும் 10 செ.மீ அகலமும் உள்ள செவ்வகத்தின் நீளமான பக்கத்தின் மேல், அதையே விட்டமாகக் கொண்ட அரைவட்டம் அமைந்த சன்னல் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். செவ்வகம் 140 ச.செ.மீ, 7 செ.மீ ஆரமுள்ள அரைவட்டம் 77 ச.செ.மீ, மொத்தம் 217 ச.செ.மீ. மாணவரின் விடை இதுவல்ல என்றால், அவருடைய விடையிலிருந்து முதலில் 140-ஐக் கழித்துவிட வேண்டும். செவ்வகப் பகுதியில் தவறு நேர்வது அரிது என்பதால், எஞ்சிய எண்தான் அரைவட்டத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும்.

### மீதி 154 (விடை 294)

முழு வட்டத்தின் பரப்பளவு கூட்டப்பட்டிருக்கிறது, பாதியாக்க மறந்துவிட்டார். இது கவனக்குறைவு மட்டுமே. அரைவட்டத்தைப் படத்தில் நிழலிட்ட பிறகு கணக்கைத் தொடங்கும் பழக்கம் இதைப் போக்கிவிடும்.

### மீதி 308 (விடை 448)

விட்டம் 14 ஆரமாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆரம் இரு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும். 77-இன் நான்கு மடங்குதான் 308. கணக்கில் வரும் முதல் வரியாக ‘ஆரம் = ’ என்று எழுதி, அதன் பிறகே சூத்திரத்தை எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் இந்தத் தவறு நின்றுவிடும்.

### மீதி 616 (விடை 756)

மேற்கண்ட இரண்டு தவறுகளும் சேர்ந்தே நிகழ்ந்திருக்கின்றன. ஒன்றைத் திருத்தியதும் விடை மாறுகிறதே தவிரச் சரியாகவில்லை என்பதால், மாணவர் தாம் செய்த சரியான திருத்தத்தையே சந்தேகித்து அழித்துவிடுவார். எட்டு மடங்கு விலகலைக் கண்டால் இரண்டு இடங்களில் பிழை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

### மீதி 22 (விடை 162)

இங்கே எச்சரிக்கை தேவை. இந்த ஓர் எண்ணுக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். மாணவர் பரப்பளவுச் சூத்திரத்துக்குப் பதிலாகச் சுற்றளவுச் சூத்திரத்தைப் பயன்படுத்தியிருக்கலாம். அல்லது சரியான சூத்திரத்தையே எழுதி, 7-இன் வர்க்கத்தை 49 என்று கொள்ளாமல் 14 என்று கொண்டிருக்கலாம். இரு வழிகளிலும் அரைவட்டத்துக்கு 22 என்றே வருகிறது. செய்முறை வரிகள் இல்லாவிட்டால் 5-இன் வர்க்கம் என்ன என்று கேளுங்கள். 10 என்று பதில் வந்தால் வர்க்கத்தில் கோளாறு; 25 என்று வந்தால் சூத்திரக் குழப்பம். முன்னதைச் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். பின்னதற்குக் கட்டத்தாளில் வட்டம் வரைந்து உள்ளே அடங்கும் கட்டங்களை எண்ணச் செய்வதே பயன் தரும். சூத்திரத்தை மீண்டும் ஒருமுறை மனப்பாடம் செய்யச் சொன்னால் அடுத்த வாரமும் அதே 22 வரும்.

வினாத்தாள் எழுதுவோருக்கு ஒரு குறிப்பு: 2 அலகு ஆரமுள்ள வட்டத்துக்குப் பரப்பளவும் சுற்றளவும் எண்ணளவில் சமம், 4 அலகுப் பக்கமுள்ள சதுரத்துக்கும் அப்படியே. இந்த அளவுகளைக் கொடுத்தால் குழப்பம் உள்ள மாணவரும் முழு மதிப்பெண் பெற்றுவிடுவார், நோய் வெளியே தெரியாது.

## அறிகுறி: ஒரே வடிவத்தை இரு விதமாகப் பிரித்தால் இரு விடைகள் வருகின்றன

இது ‘ட’ வடிவக் கணக்குகளின் தனி நோய். கீழ்ப்பக்கம் 12 செ.மீ, இடப்பக்கம் 9 செ.மீ, மேற்பக்கம் 7 செ.மீ, வலப்பக்கம் 5 செ.மீ என்று நான்கு அளவுகள் கொடுக்கப்பட்டு, வல மேல் மூலையில் வெட்டப்பட்ட பகுதியின் இரண்டு அளவுகள் கொடுக்கப்படாமல் இருக்கும். சரியான விடை 88 ச.செ.மீ. நிற்கும் கோட்டால் பிரித்தால் 7 × 9 = 63, 5 × 5 = 25; படுக்கைக் கோட்டால் பிரித்தால் 12 × 5 = 60, 7 × 4 = 28; முழுச் செவ்வகத்திலிருந்து கழித்தால் 108 − 20. மூன்று வழிகளும் 88-இல் வந்து சேர வேண்டும்.

### விடை 123

வேறுபாடு 35. படத்தில் 35 எங்கே இருக்கிறது என்று தேடினால், இடக் கீழ் மூலையில் 7 × 5 என்று கிடைக்கும். 7 × 9, 12 × 5 என்ற இரு செவ்வகங்களையும் முழுமையாக எடுத்துக் கூட்டியதால் அந்த மூலை இருமுறை சேர்ந்துவிட்டது. மாணவர் படத்தில் கண்ட இரண்டு பெரிய செவ்வகங்களையும் உண்மையான துண்டுகள் என்று எண்ணிவிட்டார். தாளை வெட்டிக் காட்டினால் போதும். கத்தரிக்கோல் ஒரே தாளிலிருந்து அந்த இரண்டு செவ்வகங்களையும் தராது.

### விடை 83

63-உடன் 25-க்குப் பதிலாக 20 சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த 20 வடிவத்தின் பகுதியே அன்று. வெட்டி எறியப்பட்ட மூலையின் பரப்பளவு அது. தெரியாத அளவுகளைக் கண்டுபிடிக்க 12 − 7, 9 − 5 என்று இரண்டையும் கழித்துவிட்டு, கிடைத்த இரண்டு எண்களையும் உடனே பெருக்கிவிடும் பழக்கத்தால் இது வருகிறது. கண்டுபிடித்த ஒவ்வோர் அளவையும் அது எந்தப் பக்கத்துக்கு உரியதோ அந்தப் பக்கத்தின் மேல் எழுதிய பிறகே பெருக்கலைத் தொடங்க வேண்டும்.

### விடை 73

108-இலிருந்து 7 × 5 கழிக்கப்பட்டிருக்கிறது. கொடுக்கப்பட்ட இரண்டு சிறிய எண்களையே வெட்டப்பட்ட பகுதியின் அளவுகள் என்று கொண்டதன் விளைவு.

### இவை எதிலும் சேராத எண்

விடுபட்ட பக்க அளவுகளைச் சோதியுங்கள். செங்கோண மூலைகள் மட்டுமே உள்ள எந்த வடிவத்திலும் விளிம்பைச் சுற்றி நடக்கும்போது வலப்புறமாகச் செல்லும் நீளங்களின் கூடுதலும் இடப்புறமாகச் செல்லும் நீளங்களின் கூடுதலும் சமமாக இருக்கும். மேலே செல்வதற்கும் கீழே இறங்குவதற்கும் இதே விதிதான். மேற்கண்ட வடிவத்தில் 7 + 5 = 12, 5 + 4 = 9. படிக்கட்டு போன்ற வடிவங்களில் பத்துப் பக்கங்கள் இருந்தாலும் இந்தச் சோதனை செல்லும். மாணவர்கள் பலர் விடுபட்ட அளவைப் படத்தில் அளவுகோல் வைத்து அளந்துவிடுகிறார்கள். அச்சிட்ட படங்கள் உண்மை அளவுக்கு வரையப்படுவதில்லை என்பதை ஒருமுறையாவது தெளிவாகச் சொல்ல வேண்டும்.

## அறிகுறி: பாதைக் கணக்குகளில் விடை எப்போதும் கொஞ்சம் குறைகிறது அல்லது கூடுகிறது

20 மீ நீளமும் 15 மீ அகலமும் உள்ள பூங்காவைச் சுற்றி வெளிப்புறத்தில் 2 மீ அகலப் பாதை. வெளிச்செவ்வகம் 24 × 19 = 456; உட்செவ்வகம் 300; பாதை 156 ச.மீ.

விடை 74 என்றால், பாதையின் அகலம் ஒருமுறை மட்டும் கூட்டப்பட்டு 22 × 17 என்று எடுக்கப்பட்டிருக்கிறது. பாதை இரு புறமும் இருப்பதைப் படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொன்னால் மாணவரே திருத்திக்கொள்வார்.

விடை 140 என்றால் நான்கு பட்டைகளாகப் பிரித்திருக்கிறார். பிரித்த முறையில் தவறில்லை, மூலைகளை விட்டுவிட்டார். விடுபட்ட 16 ச.மீ என்பது 2 × 2 அளவுள்ள நான்கு மூலைச் சதுரங்கள். விடை 172 என்றால் அதே நான்கு மூலைகள் இருமுறை எண்ணப்பட்டிருக்கின்றன. இந்த 16 கூடுதலாகவோ குறைவாகவோ வரும் மாணவருக்கு வடிவம் புரிந்திருக்கிறது. அவரைக் கழித்தல் முறைக்கு மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, மூலைகளை மட்டும் தனி நிறத்தில் தீட்டச் சொன்னால் போதும்.

விடை 124 வந்தால், பாதை உட்புறம் இருப்பதாகக் கொண்டு 300 − 176 என்று கணக்கிட்டிருக்கிறார். இது பெரும்பாலும் வாசிப்புப் பிழை. ஆனால் நடைபாதைக்கெனத் தனிச் சூத்திரம் ஒன்றை மனப்பாடம் செய்தவர்களிடமும் இது வரும், ஏனெனில் உட்பாதைச் சூத்திரமும் வெளிப்பாதைச் சூத்திரமும் ஒரு குறியில் மட்டுமே வேறுபடுகின்றன. பெரிய செவ்வகத்திலிருந்து சிறியதைக் கழிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சூத்திரங்கள் எதற்கு என்பது என் கேள்வி.

பூங்காவின் நடுவே ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பாதைகள் என்றால் 20 × 2, 15 × 2 ஆகியவற்றைக் கூட்டி நடுச்சதுரம் 4-ஐ ஒருமுறை கழிக்க வேண்டும். விடை 66 ச.மீ. 70 வந்தால் கழிக்கவில்லை. 62 வந்தால் இருமுறை கழித்துவிட்டார்.

வட்டப் பாதையில் வரும் பிழை வேறு வகை. வெளி ஆரம் 21 மீ, உள் ஆரம் 14 மீ எனில் பாதையின் பரப்பளவு 770 ச.மீ. ஆனால் 154 என்ற விடை அடிக்கடி வரும். ஆரங்களை முதலில் கழித்து, கிடைத்த 7-ஐ வர்க்கப்படுத்தியிருக்கிறார். அது 7 மீ ஆரமுள்ள தனி வட்டத்தின் பரப்பளவே தவிரப் பாதையினுடையதன்று. இதற்குக் காரணம் வடிவியலில் இல்லை, இயற்கணிதத்தில் இருக்கிறது: வர்க்கங்களின் வித்தியாசமும் வித்தியாசத்தின் வர்க்கமும் ஒன்றென எண்ணுவது. 441 − 196 எவ்வளவு, 7 × 7 எவ்வளவு என்று இரண்டையும் அருகருகே எழுதச் செய்யுங்கள். அதன் பின்னும் தொடர்ந்தால், பரப்பளவை ஓரமாக வைத்துவிட்டு இயற்கணித முற்றொருமைகளுக்குத் திரும்புவதே சரி; அதற்கு ஆசிரியரின் நேரம் தேவைப்படும்.

## அறிகுறி: சாய்ந்த பக்கம் உள்ள வடிவங்களில் மட்டும் விடை அதிகமாகிறது

செவ்வகம் மட்டும் உள்ள கணக்குகள் சரியாக வந்து, முக்கோணமோ சரிவகமோ இணைகரமோ சேர்ந்ததும் விடை கூடுகிறது என்றால், குத்துயரத்துக்குப் பதிலாகச் சாய்ந்த பக்கம் எடுக்கப்பட்டிருக்கிறது. 8 செ.மீ அடிப்பக்கமும் 5 செ.மீ கொண்ட இரண்டு சம பக்கங்களும் உள்ள கூரை முக்கோணத்தின் உயரம் 3 செ.மீ, பரப்பளவு 12 ச.செ.மீ. 20 வந்தால் காரணம் வெளிப்படை. இணையான பக்கங்கள் 16, 10 செ.மீ ஆகவும், சாய்ந்த பக்கங்கள் தலா 5 செ.மீ ஆகவும் உள்ள சரிவகத்தின் உயரம் 4 செ.மீ, பரப்பளவு 52 ச.செ.மீ. சாய்ந்த பக்கத்தை உயரமாகக் கொண்டவருக்கு 65 வரும்.

சோதனை எளிது: அந்த எண்ணுக்கு அருகில் செங்கோணக் குறி இருக்கிறதா? இல்லையென்றால் அது உயரம் அன்று. சாய்ந்த பக்கம் எப்போதும் குத்துயரத்தைவிட நீளமானது என்பதால் இந்தத் தவறு விடையைக் கூட்டுமே தவிர ஒருபோதும் குறைக்காது. விடை குறைந்திருந்தால் இந்தக் கிளையை விட்டு வெளியேறி, சரிவகத்தில் இரண்டு இணைப் பக்கங்களையும் கூட்டினாரா, ஒன்றை மட்டும் எடுத்தாரா என்று பாருங்கள்.

உயரமே கொடுக்கப்படாத கணக்கு எனில் பிதாகரஸ் தேற்றம் தேவைப்படும். அதை இன்னும் படிக்காத வகுப்பில் இப்படிப்பட்ட கணக்கைத் தந்தவர்தான் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

## அறிகுறி: விடை மிகச் சிறிதளவு மட்டும் விலகுகிறது

பை என்பதற்கு 22/7 எடுத்தாரா, 3.14 எடுத்தாரா என்று பார்த்தாலே பெரும்பாலும் முடிந்துவிடும். 7 செ.மீ ஆரமுள்ள வட்டத்துக்கு முன்னது 154 என்றும் பின்னது 153.86 என்றும் தரும். இரண்டு மதிப்புகளுக்கும் இடையிலான விலகல் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதைவிட அதிகமாக விலகினால் பையின் மேல் பழியைப் போட முடியாது. இடையில் எங்கோ தசமத்தை வெட்டியிருக்கிறார் அல்லது கூட்டலில் தவறியிருக்கிறார்.

ஆனால் இந்த ஆயிரத்தில் ஒன்று என்ற அளவை வட்டப் பகுதியின் மீது மட்டுமே வைத்துப் பார்க்க வேண்டும். 14 செ.மீ பக்கமுள்ள சதுரத்துக்குள் அதைத் தொடும் வட்டத்தை நீக்கினால் எஞ்சுவது 42 அல்லது 42.14, இங்கே விலகல் ஆயிரத்தில் மூன்றுக்கும் மேல். பெரிய எண்ணிலிருந்து அதற்கு நெருக்கமான எண்ணைக் கழிக்கும் இடங்களிலெல்லாம் சிறு விலகல் இப்படிப் பெரிதாகத் தெரியும், அது பிழையன்று. ஆரம் 7-ஆல் வகுபட்டால் 22/7, 10-இன் மடங்காக இருந்தால் 3.14 என்று வைத்துக்கொள்வது வசதியானது. வினாவில் மதிப்பு கொடுக்கப்பட்டிருந்தால் வசதிக்கு அங்கே இடமில்லை.

## அறிகுறி: விடை நம்ப முடியாத அளவு பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கிறது

அலகுகளைப் பாருங்கள். 3 மீ நீளமும் 2.4 மீ அகலமும் உள்ள அறைத் தரைக்கு 30 செ.மீ பக்கமுள்ள சதுர ஓடுகள் எத்தனை வேண்டும் என்ற கணக்கில் விடை 80. ஒரு மீட்டருக்கு 100 செ.மீ என்பதைப் பரப்பளவுக்கும் அப்படியே பயன்படுத்தி 7.2 ச.மீ-ஐ 720 ச.செ.மீ ஆக்கியவருக்கு 0.8 ஓடு என்று வரும். ஓர் அறைக்கு ஓர் ஓடுகூட வேண்டாம் என்ற விடையைக் கேள்வி கேட்காமல் அடிக்கோடிட்டு முடித்துவிடும் மாணவர்கள் உண்டு. ஒரு சதுர மீட்டர் 10,000 சதுர செ.மீ; ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். எல்லா நீளங்களையும் ஒரே அலகுக்கு மாற்றிய பிறகு பெருக்கினால் இந்த எண்களை நினைவில் வைக்க வேண்டிய தேவையே எழாது.

## அறிகுறி: சுற்றளவு கேட்டால் துண்டுகளின் சுற்றளவுகளைக் கூட்டிவிடுகிறார்

பரப்பளவு கூட்டினால் சேரும், சுற்றளவு அப்படிச் சேராது. முதலில் கண்ட சன்னல் வடிவத்தின் சுற்றளவு 14 + 10 + 10 + 22 = 56 செ.மீ. செவ்வகத்தின் 48-ஐயும் அரைவட்டத்தின் 36-ஐயும் கூட்டியவருக்கு 84 வரும். வேறுபாடு 28, அதாவது இரண்டு துண்டுகளும் ஒட்டியிருக்கும் 14 செ.மீ கோடு இருமுறை. வடிவத்தைச் சுற்றி எறும்பு ஒன்று ஊர்ந்தால் அது நடக்காத கோடு எது என்று கேட்டால் போதும். மேலே சொன்ன ‘ட’ வடிவத்தின் சுற்றளவு 42 செ.மீ; மூலை வெட்டப்படாத முழுச் செவ்வகத்தின் சுற்றளவும் அதுவே. இதைக் கண்டு தங்கள் விடையை அழித்துவிடும் மாணவர்களிடம் அது சரிதான் என்று உறுதி கூற வேண்டியிருக்கும்.

## அறிகுறி: நிழலிட்ட பகுதியைக் கண்டதும் கணக்கு நின்றுவிடுகிறது

தொடங்கவே முடியாத நிலைக்கு மூன்று காரணங்கள் உண்டு. சொற்களால் மட்டும் தரப்பட்ட கணக்கில் படம் வரையவில்லை என்பது முதலாவது. வரையச் சொன்னால் பாதிக் கணக்கு தானே நகரும். நிழலிட்ட பகுதிக்கு நேரடிச் சூத்திரம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று தேடுவது இரண்டாவது. நிழல் இல்லாத பகுதியின் பெயரைக் கேட்டால் தேடல் நிற்கும். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் உள்ள கால்வட்டங்கள் சேர்ந்து ஒரு முழு வட்டமாகும் என்பது இப்படித்தான் பலருக்குப் புலப்படுகிறது.

மூன்றாவது காரணம் கடினமானது: கூட்டுவதாலும் கழிப்பதாலும் மட்டும் தீராத, ஒன்றன் மேல் ஒன்று படியும் வடிவங்கள். 14 செ.மீ பக்கமுள்ள சதுரத்தின் எதிரெதிர் மூலைகளை மையமாகக் கொண்டு, சதுரத்தின் பக்கத்தையே ஆரமாக வைத்து இரண்டு கால்வட்டங்கள் வரைந்தால் நடுவில் இலை போன்ற பகுதி கிடைக்கும். அதன் பரப்பளவு என்ன என்று கேட்டால், இலைக்குச் சூத்திரம் தெரியாது என்று ஏட்டை மூடிவிடுவார்கள். இங்கே முன்பு பிழையாக இருந்ததையே கருவியாக்க வேண்டும். ஒவ்வொரு கால்வட்டமும் 154 ச.செ.மீ, இரண்டையும் கூட்டினால் 308. சதுரமோ 196 மட்டுமே. இரண்டு கால்வட்டங்களும் சேர்ந்து சதுரத்தை முழுதும் மூடுகின்றன, வெளியே எதுவும் செல்லவில்லை. அப்படியானால் கூடுதலாக வந்த 112 எங்கிருந்து வந்தது? இருமுறை எண்ணப்பட்ட பகுதியிலிருந்துதான். அந்தப் பகுதிதான் இலை. ‘ட’ வடிவத்தில் 35 கூடுதலாக வந்ததற்கும் இதற்கும் கணக்கில் வேறுபாடு இல்லை. இரண்டு வண்ணக் கண்ணாடித் தாள்களில் கால்வட்டங்களை வெட்டி, சதுரத்தின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், நிறம் அடர்ந்து தெரியும் இடம் எது என்பதை மாணவரே சொல்வார்.

படத்தை வரைந்தும், துண்டுகளைப் பெயரிட்டும், மாதிரியைக் கையில் கொடுத்தும் எந்தத் துண்டு எதைவிடப் பெரியது என்று மாணவரால் பல வாரங்களுக்குப் பிறகும் மதிப்பிட முடியவில்லையென்றால் வீட்டுப் பயிற்சியை நீட்டிப்பதில் பொருளில்லை. வகுப்பாசிரியரிடமும் தேவையெனில் சிறப்பாசிரியரிடமும் பேச வேண்டும். பலகையிலிருந்து எடுத்தெழுதும் கணக்குகளில் மட்டும் 3 என்பது 8 ஆகவும் 6 என்பது 5 ஆகவும் மாறி, புத்தகத்திலிருந்து போடும் கணக்குகள் சரியாக வருகின்றன என்றால் போக வேண்டிய இடம் வேறு. அது கண் மருத்துவர்.

## அறிகுறி: எத்தனை வழிகளில் போட்டாலும் ஒரே விடை, ஆனால் விடைப் பகுதியில் வேறு எண்

இரண்டு வெவ்வேறு பிரிப்புகளில் ஒரே விடை வந்து, அலகும் பையின் மதிப்பும் ஒத்துவந்தால், மாணவரைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டு வினாவைச் சந்தேகிக்க வேண்டும். கொடுத்த அளவுகளில் அந்த வடிவம் இருக்க முடியுமா என்று பாருங்கள். சாய்ந்த பக்கம் 5, உயரம் 6 என்று அச்சிடப்பட்ட சரிவகம் எங்கும் இருக்க முடியாது. 3, 4, 8 என்ற பக்கங்களால் முக்கோணம் அமையாது. இவ்வாறான கணக்குகளுக்குச் சூத்திரம் ஏதோ ஓர் எண்ணைத் தரத்தான் செய்யும். அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

படமும் ஏமாற்றும். 8 × 8 சதுரத்தை இரண்டு முக்கோணங்களாகவும் இரண்டு சரிவகங்களாகவும் வெட்டி, 5 × 13 செவ்வகமாக அடுக்கிக் காட்டி, 64 எப்படி 65 ஆயிற்று என்று கேட்கும் பழைய புதிர் ஒன்று உண்டு. முக்கோணத்தின் சாய்வு 3/8, சரிவகத்தின் சாய்வு 2/5. இரண்டும் ஒரே கோட்டில் சேர்வதில்லை. நடுவில் ஊசி போன்று ஒடுங்கிய இடைவெளி ஒன்று விடுபடுகிறது, அதன் பரப்பளவு சரியாக 1. மூலைவிட்டம் நேராக இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்ததே தவிர அது நேராக இல்லை. துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கில் ஒரே ஓர் அலகு மட்டும் கூடியோ குறைந்தோ வந்தால், கோடு ஒன்று நேராக இருப்பதாக எங்கேனும் ஊகித்துக்கொண்டோமா என்று தேடுவது பயன் தரும்.

## அறிகுறி: நான்கு பக்கமும் அளந்தாயிற்று, மனையின் பரப்பளவு பத்திரத்தோடு ஒத்துவரவில்லை

இந்தக் கணக்கு பள்ளியோடு முடிவதில்லை என்பதால் இதையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கினால் பரப்பளவு கிடைக்கும் என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே பிரம்மகுப்தர் இதைத் தோராய விடை என்றே குறித்திருக்கிறார். இந்த முறை செவ்வகத்துக்கு மட்டுமே சரியான விடையைத் தரும்; வேறெந்த நாற்கரத்துக்கும் உண்மையைவிட அதிகமாகவே காட்டும்.

60 அடி, 40 அடி, 60 அடி, 40 அடி என்று பக்கங்கள் உள்ள மனை செவ்வகமாக இருந்தால் 2,400 ச.அடி, அதாவது சரியாக ஒரு கிரவுண்டு. அதே பக்கங்களோடு அது சற்றே சாய்ந்து, 60 அடிப் பக்கங்களுக்கு இடையிலான செங்குத்துத் தொலைவு 36 அடியாக இருந்தால் 2,160 ச.அடிதான். பக்கங்களை எத்தனை முறை அளந்தாலும் இந்த 240 ச.அடி வேறுபாடு தெரியாது.

### மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்த பிறகு

இரண்டும் 72 அடி 1 அங்குலத்தை ஒட்டி இருந்தால் மனை செவ்வகம், பக்கங்களைப் பெருக்கலாம். ஒன்று ஏறத்தாழ 85 அடியும் மற்றது 56 அடியும் என்றால் மேலே சொன்ன சாய்ந்த மனை. அப்போது ஒரு மூலைவிட்டத்தை அடிப்பக்கமாக வைத்து மனையை இரண்டு முக்கோணங்களாகப் பிரித்து, எதிர் மூலைகளிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தொலைவுகளை அளந்து, அவற்றின் கூடுதலை மூலைவிட்டத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவர் செய்யக்கூடிய கணக்கு இது. தமிழ்நாட்டு நில அளவைப் புலப்படங்களும் மூலைவிட்டத்தையும் அதற்கான செங்குத்துகளையும் அடிப்படையாகக் கொண்டவையே.

### வேறுபாடு இன்னும் தீரவில்லை என்றால்

அலகு மாற்றத்தைப் பாருங்கள். ஒரு சென்ட் 435.6 ச.அடி, நூறு சென்ட் ஓர் ஏக்கர்; பட்டாவில் வரும் ஏர் என்பது 100 ச.மீ, ஏறத்தாழ 1,076 ச.அடி. சென்ட்டையும் ஏரையும் ஒன்றாகக் கொண்டால் விடை இரண்டரை மடங்கு மாறிவிடும்.

அலகும் சரியாக இருந்து, வளைந்த எல்லையோ, ஐந்துக்கு மேற்பட்ட மூலைகளோ, காணாமற்போன எல்லைக் கல்லோ இருந்தால் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு நில அளவரை அழைக்க வேண்டும். அவர் வரும்போது நீங்கள் அளந்த பக்கங்கள், இரண்டு மூலைவிட்டங்கள், பத்திரத்திலும் பட்டாவிலும் உள்ள பரப்பளவுகள் ஆகியவற்றை ஒரே தாளில், ஒரே அலகில் எழுதி வைத்திருங்கள். எந்த இடத்தில் எண்கள் பிரிகின்றன என்பதை அவர் முதலில் அந்தத் தாளில்தான் தேடுவார்.